உரிமையாளர்கள் ஜாக்கிரதை

பேருந்து நிலையத்தில் ‘திருடர்கள் ஜாக்கிரதை’ என்று பலகை வைத்திருப்பார்கள். கார் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்களில் மாட்ட வேண்டிய பலகை வேறு: ‘உரிமையாளர்கள் ஜாக்கிரதை’. ஏசி கூடம், சோபா, காபி மிஷின், சுவரில் புது மாடலின் பெரிய படம் என்று எல்லாம் அமைந்துவிட்ட அந்த இடத்தில் இந்தப் பலகை ஒன்றுதான் குறை. நம்பாதவர்கள் வண்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு அங்கே போய் நின்று பார்க்கலாம்.

வண்டியை டெலிவரி எடுத்த நாளின் உபசாரம் ஞாபகம் இருக்கும். ரிப்பன் கட்டிய கார், கேக், கைதட்டல். அட்டையில் செய்த ராட்சதச் சாவி ஒன்றைக் குடும்பத்தின் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். அன்றைக்கு உங்களுக்கு முழுசாகக் கொடுக்கப்பட்டது அந்த அட்டைச் சாவிதான். நிஜச் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சிப்புக்கும் வண்டியின் கணினிக்கும் நடுவே இருக்கிற ரகசிய எண் கம்பெனியிடமே தங்கிவிட்டது. ஏழு வருஷ இஎம்ஐ உங்களுடையது. சாலை வரி, இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக், பார்க்கிங் சண்டை எல்லாம் உங்களுடையது. ரகசியம் மட்டும் அவர்களுடையது.

சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் என் முறை வரக் காத்திருந்தபோது, பக்கத்து மேஜையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். வீட்டில் இருந்த ஒரே சாவியும் எங்கோ விழுந்துவிட்டது. எதிரே கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒரு பையன். பதவி, சர்வீஸ் அட்வைசர்.

“ஆர்சி யார் பேர்ல இருக்கு மேடம்?”

“எங்க வீட்டுக்காரர் பேர்ல.”

“அப்ப சார்தான் நேர்ல வரணும்.”

“அவர் தவறிப்போய் ஆறு மாசம் ஆச்சு தம்பி.”

பையன் திரையைப் பார்த்தான். திரையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை போலிருக்கிறது. “பரவாயில்ல மேடம். சார் ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் போதும்.”

அந்த அம்மா சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. காபி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியல் மட்டும் காதில் விழுந்தது. ஆர்சி நகல், ஆதார் நகல், சாவி தொலைந்ததற்குக் காவல் நிலையத்தின் சிஎஸ்ஆர் ரசீது, வேண்டுகோள் கடிதம், முழுப் பணமும் முன்கூட்டியே. சாவி வெளியூரிலிருந்து வர வேண்டும். ரெண்டு வாரமும் ஆகலாம், மூணு வாரமும் ஆகலாம். வந்ததும் புரோகிராம் செய்ய வண்டியை இங்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

“சாவி இல்லாம எப்படித் தம்பி கொண்டு வர்றது?”

“டோ பண்ணிக்கலாம் மேடம். அதுக்குத் தனி சார்ஜ்.”

“ஒரு சாவிக்கு எதுக்குப்பா இவ்வளவு?”

“செக்யூரிட்டி ரீசன் மேடம்.”

அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. மாதச் சம்பளத்துக்கு அவன் ஒப்பிக்கிற வாக்கியம் அது. அதை எழுதிக் கொடுத்தவன் வேறெங்கோ, கண்ணாடி மாளிகையின் மேல்மாடியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வண்டிச் சாவி தொலைந்தால் டிரைவர் பார்த்துக்கொள்வார்.

காவல் நிலையத்துக் கட்டத்தையும் தாண்டியாக வேண்டும். அங்கே முதல் பாடம் தமிழ் இலக்கணம். ‘திருடு போய்விட்டது’ என்று எழுதக் கூடாது. எழுதினால் அவர்கள் திருடனைத் தேட வேண்டிவரும். ‘எங்கோ கைதவறி விழுந்துவிட்டது’ என்று எழுத வேண்டும். “எங்க விழுந்துச்சு?” என்று ஏட்டையா கேட்பார். அது தெரிந்தால் இங்கே எதற்கு வருகிறோம் என்று பதில் சொல்கிறவர்களுக்கு ரசீது மறுநாள்தான் கிடைக்கும்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சாவிக்குள்? பிளேடால் நெம்பித் திறந்தால் அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடிக் குழலோ, சின்னக் கறுப்புக் கட்டையோ வெளியே விழும். அதுதான் சிப். அதற்கு பேட்டரி கிடையாது. சாவியில் இருக்கும் பேட்டரி ரிமோட்டுக்கானது. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் வளையம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த வளையம், பெரும்பாலான வண்டிகளில் 125 கிலோஹெர்ட்ஸில், ஓர் அலையை எழுப்பும். அந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய கரண்டை உறிஞ்சிக்கொண்டு சிப் கண்விழிக்கும். வண்டி ஒரு கேள்வி கேட்கும், சிப் தன் ரகசிய எண்ணை வைத்து விடை சொல்லும். விடை சரி என்றால் இன்ஜின் ஓடும். சிப் இல்லாத டூப்ளிகேட் சாவியில் பல் அச்சு அசலாக வெட்டப்பட்டிருந்தாலும் கதவு திறக்குமே தவிர வண்டி நகராது. கண்விழித்து, கேள்வி கேட்டு, பதில் சொல்லி முடிக்க ஒரு நொடி கூட ஆகாது. அந்த சிப்பின் விலை சந்தையில் சில நூறு ரூபாய். வெட்டாத வெறும் சாவி, தொழிலில் ‘பிளாங்க்’ என்பார்கள், அதுவும் அந்த ரகம்தான். கம்பெனி பில்லில் ஏறும்போது இரண்டும் சேர்ந்து ஆயிரங்களாகிவிடும். ஒரு சாவியும் மிச்சமில்லை என்றால் ‘முழு லாக் செட்டும் மாத்தணும்’ என்பார்கள், சில சமயம் கணினியையும் சேர்த்து.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த சிப் உருப்படியான கண்டுபிடிப்பு. ஐரோப்பாவில் கார் திருட்டு தலைவிரித்து ஆடிய காலத்தில், 1995-இல் ஆணை போட்டு, 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இதைக் கட்டாயமாக்கினார்கள். 1995-க்கும் 2008-க்கும் இடையில் இதனால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்தது என்று நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர்கள் இருவர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வயரைப் பிடுங்கி உரசி வண்டியைக் கிளப்புவதெல்லாம் அதோடு சினிமாவுக்குப் போயிற்று. சிப்போடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ‘செக்யூரிட்டி ரீசன்’ என்கிற வாக்கியத்தோடுதான். அந்த வாக்கியம் எங்கெங்கே வாயைத் திறந்தது, எங்கெங்கே வாயைப் பொத்திக்கொண்டது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் லண்டன். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவரும் நெதர்லாந்தின் நெய்மேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவருமாக மூன்று ஆராய்ச்சியாளர்கள், மெகாமோஸ் கிரிப்டோ என்ற சாவி சிப்பில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஃபோக்ஸ்வாகன், ஆடி, போர்ஷே போன்ற கார்களில் இருந்த சிப் அது. கண்டுபிடித்ததும் ஊரைக் கூட்டவில்லை. 2012-லேயே சிப் தயாரித்தவர்களிடம் ஒழுங்காகத் தெரிவித்தார்கள். பிறகு 2013-இல் கட்டுரையை ஒரு மாநாட்டில் வாசிக்கக் கிளம்பினார்கள். ஃபோக்ஸ்வாகன் என்ன செய்தது? ஓட்டையை அடைக்கவா ஓடியது? லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு ஓடி, கட்டுரைக்குத் தடை வாங்கியது. காரணம், வேறென்ன, செக்யூரிட்டி.

அந்த வழக்கில் வெளிவந்த விஷயம்தான் விசேஷம். சிப்பின் ரகசிய கணக்கு முறையை ஆராய்ச்சியாளர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? டாங்கோ புரோகிராமர் என்ற, சாவிக்கு டூப்ளிகேட் போடும் கருவியின் மென்பொருளிலிருந்து. அது 2009 முதல் இணையத்தில் கிடைத்துக்கொண்டிருந்தது. பணம் கொடுத்த எவனுக்கும் நான்கு வருஷமாகத் திறந்து கிடந்த ரகசியத்தை, பேராசிரியர்கள் வாயிலிருந்து வரக் கூடாது என்று தடுக்க ஒரு நீதிமன்றம், வக்கீல்கள், லட்சோப லட்சம் பவுண்டு மதிப்புள்ள கார்களின் மானம். கடைசியில் கட்டுரை 2015-இல் வெளிவந்தது, ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டு. இரண்டு வருஷம், ஒரு வாக்கியம். அந்த இரண்டு வருஷமும் சாலையில் ஓடிய வண்டிகளின் உரிமையாளர்கள் தங்கள் பூட்டைப் பத்திரம் என்று நம்பித் தூங்கினார்கள். தூங்கவிட்டதுதான் கம்பெனி செய்த சேவை.

2020-இல் இன்னொரு கூத்து. பெல்ஜியத்தின் லூவென், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் டொயோட்டாவின் சில சாவிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றின் ரகசிய எண், சாவியின் வரிசை எண்ணிலிருந்து பெறப்பட்டிருந்தது. வரிசை எண்ணை யார் கேட்டாலும் சாவியே ரேடியோவில் சொல்லிவிடும். ஹூண்டாய், கியா சாவிகளிலோ 80 பிட் நீளம் இருக்க வேண்டிய ரகசியத்தில் 24 பிட்தான் உண்மையில் ரகசியம். சாதாரண மடிக்கணினிக்கு அது நொறுக்குத்தீனி. அந்த அம்மாவிடம் இறந்துபோனவரின் கையெழுத்தைக் கேட்கிற தொழில், தன் சொந்தக் கையெழுத்தை இந்த லட்சணத்தில்தான் போட்டு வைத்திருக்கிறது.

அடுத்து அமெரிக்கா. இங்கே ரத்தம் கொதிக்க வேண்டும். கனடா 2007-இல் சட்டம் போட்டு இம்மொபிலைசரை, அதாவது இந்த சிப் பூட்டை, கட்டாயமாக்கியது; அங்கே விற்ற ஹூண்டாய், கியா கார்களில் சிப் இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், அமெரிக்காவில், அப்படி ஒரு சட்டம் இல்லை. 2015 மாடல்களில் மற்ற கம்பெனிகளின் வண்டிகளில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் நிலையான பாகமாக வந்தபோது, இந்த இரு கம்பெனிகளின் வண்டிகளில் 26 சதவீதத்தில்தான் வந்தது. சட்டம் கேட்காத இடத்தில் சில்லறை மிச்சம். அப்புறம் மில்வாக்கி பக்கத்துப் பொடியன்கள் அந்த மிச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாவி கூட வேண்டாம். போன் சார்ஜ் செய்யும் யுஎஸ்பி கேபிளின் முனையே போதும் என்று டிக்டாக்கில் பாடம் நடத்தினார்கள். நாடு முழுக்கத் திருட்டு. 2023 பிப்ரவரியில் அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட அறிக்கையில், இதோடு தொடர்புடைய குறைந்தது 14 விபத்துகள், 8 சாவுகள். மென்பொருளில் ஒட்டுப்போட வேண்டிய வண்டிகள் 83 லட்சம். இழப்பீட்டுக்கு சுமார் 20 கோடி டாலர் தருவதாகச் சமரசம். அப்போதும் கம்பெனிகள் சொன்ன பதில் என்ன? எங்கள் வண்டிகள் சட்டம் கேட்கும் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை.

செக்யூரிட்டி ரீசன் எங்கே போயிற்று அன்றைக்கு? வண்டிக்குள் சிப் வைத்தால் அது கம்பெனிக்குச் செலவு, வைக்கவில்லை. வாடிக்கையாளர் இரண்டாவது சாவி கேட்டால் அது கம்பெனிக்கு வரவு. உடனே பாதுகாப்பு ஞானம் பிறந்துவிடுகிறது.

இனி சென்னைப் புதுப்பேட்டைப் பக்கம் வரலாம். நடைபாதை ஓரம், பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு நடுவில், தகரத்தில் வெட்டிய பெரிய சாவி ஒன்று தொங்குகிற பெட்டிக்கடை. மரப்பெட்டியின் மேல் வைஸ், அரம், பித்தளைத் தூள். பக்கத்திலேயே ஒரு துண்டில் சுற்றி, செல்போனைவிடக் கொஞ்சம் பெரிய சீனக் கருவி. கடன் வாங்கிப் போட்ட முதல் அது. ஒவ்வொரு புது மாடலுக்கும் அப்டேட் காசு தனி. வைஸில் சாவி செய்து வளர்ந்த மனிதர், ஐம்பதைத் தாண்டிய வயதில், எந்தப் பள்ளியும் சொல்லித்தராத இந்த வித்தையைத் தானே கற்றுக்கொண்டிருக்கிறார். நான் நின்ற நேரத்தில் வந்த ஒருவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல.

“ஆர்சி காட்டு தம்பி.”

“வண்டி என்னுதுதாண்ணே.”

“இருக்கட்டும். காட்டு.”

ஆர்சியையும் லைசென்ஸையும் வைத்துப் பார்த்தார், முகத்தையும் பார்த்தார், போனில் போட்டோ எடுத்தார், பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் வண்டி நம்பர் எழுதி கையெழுத்து வாங்கினார். அப்புறம்தான் பிளாங்கை வைஸில் கடித்தார். பல் வெட்டி, அரத்தால் இரண்டு இழுப்பு, விரலால் பிசிரைத் தடவிப் பார்த்து, இன்னொரு இழுப்பு. வண்டிக்குள் உட்கார்ந்து டாஷ்போர்டுக்குக் கீழே கேபிளைச் செருகி, மஞ்சள் விளக்கு சிமிட்டி அணைவதைப் பார்த்து, “அடி தம்பி” என்றார். வண்டி ஒரே அடியில் கிளம்பியது. டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. இவர் கம்பெனிகளின் அகராதியில் ‘அங்கீகரிக்கப்படாதவர்’. இவர் கை பட்டால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள்.

“ஷோரூம்காரங்க உங்களைத் திருட்டுக்குத் துணை போறவங்கன்னு சொல்றாங்களே?” என்று கேட்டேன்.

“சொல்வாங்க சார். அவசரம்னா அங்கேர்ந்தே வண்டி இங்கதான் வரும். வேலை நம்மளுது, பில்லு அவங்களுது.”

இதே கருவி திருடன் கையிலும் இருக்கிறது என்பது உண்மை. டெல்லி போலீஸ் பிடித்த கார் திருட்டுக் கும்பல்களிடம் சாவி புரோகிராம் செய்யும் டேப்லெட்டுகளும் வெற்று ரிமோட் சாவிகளும் பலமுறை சிக்கியிருக்கின்றன. கண்ணாடியை உடைத்து, கருவியைச் செருகி, சில நிமிடத்தில் வண்டியோடு போய்விடுகிறார்கள். அவர்களிடம் யாரும் ஆதார் நகல் கேட்கவில்லை. இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆக, இந்த நாட்டில் ஒரு காருக்கு இன்னொரு சாவி சுலபமாகப் போட முடியாத ஒரே ஆள், அந்தக் காரைக் காசு கொடுத்து வாங்கியவர்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது, பாவம். உதிரி பாகங்களையும், வண்டியின் கோளாறைப் படிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று 2011-இல் போன ஒரு புகாரின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ. 2,544 கோடி அபராதம் போட்டது. டாடா, மாருதி, மகிந்திரா முதல் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வரை எல்லாரும் ஒரே வரிசையில். சில பாகங்களுக்கு 100 சதவீதம் முதல் 5,000 சதவீதம் வரை விலை ஏற்றியிருந்ததை அந்த ஆணையே குறித்து வைத்திருக்கிறது. வெளியே உள்ள மெக்கானிக்குகளுக்குத் திறமை போதாது, பாதுகாப்புக்கு ஆபத்து என்று கம்பெனிகள் அங்கேயும் அதே பாட்டைப் பாடிப் பார்த்தன. ஆணையம் மயங்கவில்லை, பாகங்களையும் கருவிகளையும் தாராளமாகக் கிடைக்கச் செய்யுங்கள் என்றது. கம்பெனிகள் கோர்ட் படி ஏறின. வருஷங்கள் ஓடின. 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு, டிசம்பரில் அதற்கு ஒரு போர்ட்டல். சாவி கேட்ட மக்களுக்கு போர்ட்டல் கிடைத்தது. அதைத் திறக்க மட்டும் சாவி தேவையில்லை.

செய்ய முடியாத காரியம் ஏதாவது கேட்கிறோமா? ஃபியட் கார் வாங்கியவர்களுக்குச் சாவியோடு ‘கோட் கார்டு’ என்று ஓர் அட்டை கொடுத்த காலம் உண்டு. சாவியின் எலக்ட்ரானிக் எண் அதில் அச்சிட்டிருக்கும், பத்திரமாக வை என்று உரிமையாளர் கையிலேயே கொடுத்தார்கள். அமெரிக்காவில் பல ஃபோர்டு வண்டிகளில், வேலை செய்கிற இரண்டு சாவிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டுத் திருப்பிவிட்டு மூன்றாவதைப் போட்டால், வண்டி தானே அதைச் சேர்த்துக்கொள்ளும். வண்டியோடு வரும் கையேட்டிலேயே முறை எழுதியிருக்கும். அங்கே உலகம் இடிந்து விழவில்லை. பத்து லட்சத்தை நம்பி வாங்கிக்கொண்டவர்களால் ஒரு எண்ணை நம்பிக் கொடுக்க முடியவில்லை என்றால், யார் யாரைத் திருடன் என்று நினைக்கிறார்கள் இங்கே? ஆர்சி கொடுக்கிற அன்றே அந்த எண்ணை உறையில் போட்டு ஒட்டிக் கொடு. நோட்டில் கையெழுத்து வாங்குகிற அந்தப் புதுப்பேட்டைக்காரருக்கு லைசென்ஸ் கொடு, பதிவேடு கொடு, தப்புச் செய்தால் உள்ளே போடு. இதற்குக் குழு வேண்டாம்.

வண்டியே திருடு போய்விட்டது என்று வையுங்கள். இன்ஷூரன்ஸ்காரர் வந்ததும் கேட்பது இரண்டு சாவிகளையும். ஒரு சாவிதான் இருக்கிறது என்றால், இன்னொன்றை நீங்களே திருடனிடம் கொடுத்தீர்களா என்று பார்வை பார்ப்பார். டூப்ளிகேட் போட்டு வைத்திருந்தால், அது எதற்கு, எங்கே, எந்த அங்கீகாரத்தோடு என்று குறுக்கு விசாரணை. ஒரு சாவி இருந்தால் அலட்சியக்காரர், இரண்டு இருந்தால் சந்தேகப் பேர்வழி, மூன்று இருந்தால் கும்பல். இந்த மனவேதனைக்கும் அவர்களே ஒரு மருந்து விற்கிறார்கள்: ‘கீ ரீப்ளேஸ்மென்ட் கவர்’. வருஷா வருஷம் கூடுதல் பிரீமியம். சாவி தொலைந்தால் அவர்கள் பணம் தருவார்கள், காவல் நிலைய ரசீதும் கம்பெனி சர்வீஸ் சென்டரின் பில்லும் இருந்தால். நடைபாதைக்காரரின் பில் பெரும்பாலும் செல்லாது. அந்தக் கவரை விற்பதற்கு ஷோரூமிலேயே ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள், பணம் கட்டும் கவுன்டருக்குப் பக்கத்தில்.